கேரமல் கையில் கொட்டினால் துடைக்காதீர்கள், குழாயடிக்குப் போங்கள்

தீக்காய சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனக்கு இதை எழுத வேண்டிய அவசியம் நெடுநாளாகவே இருந்தது. அண்மையில் வந்த மேலும் ஒரு நோயாளி அதை இனித் தள்ளிப்போட முடியாததாக்கிவிட்டார். கேரமலில், அதாவது தேன் நிறம் வரும்வரை காய்ச்சிய சர்க்கரைப் பாகில், ஆப்பிள் துண்டுகளைச் சேர்த்துச் சூடாகப் பரிமாறும் இனிப்பை வீட்டில் செய்தவர் அவர். வாணலியைத் தட்டின் மேல் கவிழ்த்தபோது பாகு வழிந்து, அவருடைய மணிக்கட்டிலும் புறங்கையிலும் இறங்கிவிட்டது. உடனே துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். துணியோடு தோலும் வந்துவிட்டது. அதன் மேல் பற்பசை பூசியிருக்கிறார். தண்ணீரில் காட்டினீர்களா என்று கேட்டபோது, தண்ணீர் பட்டால் கொப்புளித்துவிடும் என்று வீட்டில் தடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கைக்கு இப்போது தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது.

சர்க்கரைப் பாகுதானே, கொதிக்கிற தண்ணீர் பட்டதுபோல ஓர் எரிச்சல் இருந்துவிட்டுப் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. தேன் நிறத்துக்கு வந்த கேரமலோ ஏறத்தாழ 170 டிகிரியில் இருக்கிறது. 60 டிகிரி வெந்நீரே ஐந்து விநாடி அளவில் ஒரு பெரியவரின் தோலை முழு ஆழத்துக்கும் வேகவைக்கப் போதுமானது என்றால், மற்றதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதிலும் வெந்நீர் பட்டவுடன் வழிந்தோடிவிடுகிறது, பாகு ஒட்டிக்கொண்டு தன் வெப்பத்தையெல்லாம் ஒரே இடத்தில் இறக்குகிறது. வாணலியைக் கவனித்துப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: தொடக்கத்தில் சலசலவென்று பொங்கும் பாகு, நீர் வற்ற வற்றக் குமிழ்கள் அடங்கி, நிறம் மாறும் வேளையில் கண்ணாடிபோல் அமைதியாகிவிடுகிறது. அதன் வெப்பம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். கொதி அடங்கிவிட்டது என்று விரலால் தொட்டு ருசி பார்ப்பவர்கள் இந்த அமைதியை நம்பித்தான் தொடுகிறார்கள். சுட்ட விரலை உடனே வாயில் வைத்து உதட்டையும் நாக்கையும் சேர்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தண்ணீர் பட்டால் கொப்புளிக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பாகு செய்கிற கேட்டைவிட இந்த நம்பிக்கை செய்கிற கேடு சில நேரங்களில் பெரிதாக இருக்கிறது. கொப்புளத்தை உண்டாக்குவது வெப்பம். சூடு பட்ட இடத்தில் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, பாதிக்கப்பட்ட நுண்குழாய்களிலிருந்து கசியும் நீர் அந்த இடைவெளியில் தேங்குகிறது. இது சுட்ட கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியச் சில நிமிடங்களோ சில மணி நேரமோ ஆகலாம். அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், பிறகு கொப்புளம் எழுகிறது, பழி தண்ணீர்மேல் விழுகிறது. தண்ணீரே ஊற்றாமல் வந்தவர்களின் கைகளிலும் கொப்புளங்களை நாள்தோறும் பார்க்கிறேன். அவை ஊற்றியவர்களுடையதைவிட ஆழமான காயங்களின் மேல் எழுந்தவை. சூடு வெளியேறாத வரை தோல் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும், அந்தச் சூட்டை வெளியே எடுக்க வீட்டில் உள்ள ஒரே நல்ல மருந்து குழாய்த் தண்ணீர்.

ஆகவே கேரமல் பட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான். துடைக்காமல், உரிக்காமல், அந்த இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரின் கீழ் காட்டி, 20 நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். எரிச்சல் குறைந்துவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் கையை எடுக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் பாகு இறுகிக் கண்ணாடிச் சில்லுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சர்க்கரை நீரில் கரையக்கூடியது. நீங்கள் பொறுமையாக இருந்தால் அது தானாகவே கரைந்து போகும், நகத்தால் பெயர்த்தால் வெந்த தோலையும் கூட்டிக்கொண்டு வரும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே, தண்ணீரில் கை இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். தொடக்கத்தில் செய்யத் தவறியிருந்தாலும், காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் அதற்குப் பயன் உண்டு.

பற்பசை, வெண்ணெய், எண்ணெய், மஞ்சள், மை, முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். அவை குணப்படுத்துவதில்லை என்பதோடு, காயத்தின் ஆழத்தை நாங்கள் நிறத்தை வைத்தே மதிப்பிடுவதால், பூச்சைச் சுரண்டி எடுத்து உங்களை மறுபடியும் வலிக்கவைத்த பிறகுதான் எங்களால் எதையும் பார்க்க முடிகிறது. பனிக்கட்டியும் வேண்டாம், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய தோலையும் சாகவிட்டுவிடும். குளிர்வித்து முடித்தபின் சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே விரித்துக்கொண்டு புறப்பட்டால் அதுவே போதும்.

இனி, எங்களிடம் வராமலிருக்க என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். பழத்தைச் சேர்க்கும் கட்டத்தில்தான் தெறிப்பு அதிகம். வெட்டிய ஆப்பிள், அன்னாசி, வாழைப்பழம் எதுவானாலும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின், வாணலியின் விளிம்பை ஒட்டி நீண்ட இடுக்கியால் மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து கையால் போடாதீர்கள். பாலாடையோ பழச்சாறோ சேர்ப்பதானால் அதை முன்பே இளஞ்சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குளிர்ந்த நீர்மம் 170 டிகிரிப் பாகில் விழுந்த கணத்தில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது, அது பாகையும் சேர்த்தே தூக்கி எறிகிறது. வாணலி ஆழமாகவும் அடிகனமாகவும் இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கால்விரல்களை மூடும் செருப்பு அணியுங்கள், பாதத்தில் சொட்டிய பாகோடு வருபவர்களையும் பார்க்கிறோம். ரம்மோ பிராந்தியோ ஊற்றித் தீ மூட்டும் வேடிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாட்டிலிலிருந்து நேரே ஊற்றினால் தீ அந்தத் தாரையைப் பற்றிக்கொண்டு பாட்டிலுக்குள் ஏறி வெடித்துப் பாயும். கையோடு முகமும் கருகி வருபவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

வாணலியைக் கவிழ்க்கும் வேலைதான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் கவிழ்க்காதீர்கள்; பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். அதற்குள் பாகு இறுகி அடியில் பிடித்துக்கொண்டால் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் விட்டுவிடும். தட்டு வாணலியைவிட அகலமாக இருக்க வேண்டும், கையுறை மணிக்கட்டைத் தாண்டி நீள வேண்டும், அது உலர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் ஈரத்துணி சூட்டை நொடியில் கடத்திவிடும். கழுவுதொட்டியின் மேல் பிடித்து, உங்கள் உடம்புக்கு எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். புறங்கையின் தோல் உள்ளங்கையைப்போலத் தடித்ததன்று. அதற்குச் சற்றுக் கீழேயே விரல்களை நீட்டும் தசைநாண்கள் ஓடுகின்றன. அங்கே ஆழமாகச் சுட்டால் வடு இறுகி, விரல்களை மடக்க மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும்.

குழந்தைகளை அந்த நேரத்தில் சமையலறைக்கு வெளியே நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த இனிப்பின் மணமே அவர்களை அடுப்பருகே இழுத்துவந்துவிடும், கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுப்பார்கள். அவர்களுடைய தோல் மெல்லியது, பெரியவர் தோலுக்கு ஆவதைவிடக் குறைந்த நேரத்திலேயே ஆழமாக வெந்துவிடும். குழந்தைக்குச் சுட்டுவிட்டால் காயத்தை மட்டும் தண்ணீரில் காட்டி, மற்ற உடம்பைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். பரிமாறும்போதும் பழத்துண்டைப் பிளந்து, ஆவி அடங்கியபின் கொடுங்கள்; மேலே ஆறிய வாழைப்பழத்தின் நடுப்பகுதி நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

காயம் பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவுக்கு மேல் சுட்டிருந்தாலும், கை, முகம், பாதம், மூட்டு ஆகிய இடங்களில் எவ்வளவு சிறிதாகச் சுட்டிருந்தாலும், குழந்தைக்குச் சுட்டிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காமல் வாருங்கள். சுட்ட இடம் வெளுத்து மெழுகுபோல் இருந்து, தொட்டால் வலியே தெரியவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். உணர்வு நரம்புகளும் வெந்துபோனதால்தான் வலி இல்லை. முதல் நாளில் வெறும் சிவப்பாகத் தெரியும் காயம் இரண்டு மூன்று நாள்களில் ஆழமாகிவிடுவதும் உண்டு, ஆகவே மறுபடி வரச் சொன்ன நாளில் கட்டாயம் வாருங்கள்.