சாமிக்கல்லில் ஒட்டிய மாவு

சேர்வராயன் மலையில் சில சின்னக் கோயில்களில் வழவழப்பான கற்களைச் சாமியாக வைத்திருப்பார்கள். ஒரு முனை மட்டும் கூராக இருக்கும். அவை புதிய கற்காலத்துக் கோடாரிகள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்தவர், இவற்றையும் சேகரித்திருக்கிறார்.

இந்தக் கோடாரி எதை வெட்டியது? கல்லின் நுண்வெடிப்புகளில் பதில் ஒளிந்திருக்கலாம். கிழங்கை வெட்டும்போது அதன் ஸ்டார்ச் (மாவுச்சத்து) மணிகள் அங்கே புகுந்துகொள்ளும். மணி ஒன்று சில மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான் வரை இருக்கும்; ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். வெடிப்பில் ஒரு சொட்டு சுத்தமான நீர் விட்டு, பிப்பெட்டால் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் மணியும் தூசியும் ஒன்றுபோலத்தான் தெரியும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகளின் நடுவே வைத்தால், மணி ஒளிரும், நடுவில் கருப்புக் கூட்டல் குறியோடு. மணிக்குள் மூலக்கூறுகள் மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல அடுக்கப்பட்டிருப்பதால் வரும் குறி அது. வேகவைத்தால் அடுக்கு குலைந்து, குறியும் மறைந்துவிடும்.

அப்புறம் வடிவம். அரிசி மணி மிகச் சிறியது, மூலைமூலையாக இருக்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மணி, அடி வெட்டிய கோயில்மணியைப் போலிருக்கும்.

சிக்கலே இங்கேதான். கோடாரியில் குச்சிக்கிழங்கு மணி கிடைத்தால் அது நேற்று வந்தது. அந்தக் கிழங்கே தென்னமெரிக்காவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்ததுதானே! கோயில் கல்லில் மஞ்சளும் எண்ணெயும் வேறு. மஞ்சளை அவித்துக் காயவைப்பதால் அதன் மணி குறியில்லாமல் கட்டிகட்டியாகத் தெரியும், பிரித்துவிடலாம். ரத்தக் கறைதான் ஆகப் பெரிய தலைவலி. 1983-ல் தொல்லியலாளர் தாமஸ் லாய் பழைய கருவிகளில் ஹீமோகுளோபினைக் கண்டதாக எழுதினார். அந்த முறை பின்னர் கடுமையான கேள்விகளுக்கு உள்ளானது.

அதனால் மணி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். வெட்டும் முனையில் மட்டும் நிறைய, பிடியில் இல்லை, சுற்றிலும் உள்ள மண்ணிலும் இல்லை என்றால் நம்பலாம். மாவு தூவிய கையுறையைத் தொடவே மாட்டார்கள். ஆய்வறையில் காலிக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் திறந்து வைத்து, காற்றில் வந்து படிவதையும் எண்ணுவார்கள். குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் சூழ்ந்த சேலத்தில் வைத்தால், அதில் முதலில் எது விழும் என்று சொல்லவா வேண்டும்?