தரோபிரெட்: ‘பந்தயக் குதிரை’ என்றால் போதுமா?

காணும் பொங்கலன்று திருக்கடையூரில் ரேக்ளா வண்டி இழுப்பதும் பந்தயக் குதிரைதான்; கிண்டியில் ஜாக்கியைச் சுமந்து ஓடியதும் பந்தயக் குதிரைதான். முன்னது பெரும்பாலும் நாட்டுக் குதிரை அல்லது கலப்பு. உயரம் பார்த்துப் பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக்குதிரை என்று பிரிப்பார்கள். பின்னது தரோபிரெட் என்ற இனம்; அதைத் தனியே பிரிப்பது உயரமல்ல, ஏடு, அதாவது வம்சப் பதிவேடு. அதனால்தான் செய்தித்தாள்கள் எழுதும் ‘பந்தயக் குதிரை’ தரோபிரெட்டுக்குச் சரியான சொல் ஆகாது.

ஆங்கிலத்தில் ‘தரோ’ என்றால் முற்றும். ‘பிரெட்’ என்றால் பேணி வளர்க்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்கு பயின்று தேர்ந்த மனிதரையே இப்படிச் சொன்னார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் சொல் குதிரைக்கு வந்தது. ‘தூய இனக் குதிரை’ என்ற பெயர்ப்பும் தவறு. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று கீழைநாட்டுப் பொலிகுதிரைகளை இங்கிலாந்துப் பெட்டைகளோடு சேர்த்து உருவாக்கிய கலப்பினம் இது. 1793-இல் இங்கிலாந்தின் வம்சப் பதிவேடான ஜெனரல் ஸ்டட் புக்கின் முதல் தொகுதி வந்தபின் கதவு மெல்ல அடைபட்டது. இன்று தாயும் தந்தையும் ஏட்டில் இருந்தால்தான் குட்டிக்கு அங்கே இடம். இந்தியாவுக்கான ஏட்டைப் புனேயில் பேணுகிறார்கள். மாட்டுக்குப் போடும் சினை ஊசி இங்கே செல்லாது. நேரடி இணைசேர்ப்பு மட்டுமே. உலகத் தரோபிரெட்டுகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டின் தந்தைவழி டார்லி அரேபியனில் போய் முடிகிறது. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகுவதுதான் இந்த இனத்தின் எதிர்காலக் கவலை.

பரி, புரவி இரண்டும் நம்மிடமே உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது. அங்கே ‘பரி’ ஓட்டத்தைக் குறிக்கிறது, ‘புரவி’ விலங்கை. ஓட்டத்தின் பெயரே பின்னர் ஓடும் விலங்குக்கும் ஆனது. எனவே ‘மரபேட்டுப் பரி’ என்பதே என் பரிந்துரை: வம்சமும் வேகமும் அதில் இருக்கின்றன. பேச்சில் ‘மரபேட்டுக் குதிரை’ போதும்.

இந்தச் சொல் வேறுபாடு இப்போது டெல்டாவிலும் தேவைப்படும். 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. பந்தயம் கட்டும் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடு ஜிஎஸ்டி; 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. பந்தயம் சுருங்கினால் ஓய்வுபெறும் குதிரைகள் மலிவாக ஊர்ப்பக்கம் வரும்.

வாங்குபவர் முதலில் குதிரையின் பாஸ்போர்ட்டை, அதாவது அதன் அடையாளப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். கழுத்தின் இடப்புறத்தில் பதித்த மைக்ரோசிப் எண்ணும் அதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஏடு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான குதிரையும் தரோபிரெட் ஆகாது. உயரம் ஏறத்தாழ 16 கை (ஒரு கை 4 அங்குலம்), எடை 450 முதல் 550 கிலோ வரை. தோலும் குளம்பின் அடியும் மெல்லியவை. தார்ச்சாலையில் ரேக்ளாவுக்குப் பூட்டினால் காலில்தான் முதலில் கோளாறு வரும்.

தீனியில்தான் பலர் தவறுகிறார்கள். ஓட்ஸுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய குதிரைக்குத் திடீரென்று வைக்கோலும் தவிடும் போட்டால் வயிற்று வலி வரும்; அது உயிரையே எடுக்கலாம். மாற்றத்தை 10 முதல் 14 நாளுக்குப் பரப்புங்கள். நெல் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தவிட்டையே நம்பினால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகவெலும்பு வீங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேற்றிலே கட்டினால் குளம்பின் அடி அழுகி நாறும். கொட்டிலின் தரையை ஓரடி உயர்த்தி மணல் பரப்பி, குளம்பைத் தினமும் சுரண்டித் துடைக்க வேண்டும்.