கொழும்பில் மழை பெய்தால் வன்னியில் எள்ளு முளைக்காது

மே மாதம் கொழும்பில் மழை கொட்டத் தொடங்கியதும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். அழைப்பவர்கள் வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள். காணி வன்னியில், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருக்கும். குத்தகைக்காரர் மாரிகாலப் பெரும்போகத்தை முடித்துவிட்டு நிலத்தைச் சும்மா விட்டிருப்பார். "தம்பி, இப்ப நல்ல மழைதானே, எள்ளு போட்டால் என்ன?"

காலி வீதியில் தண்ணீர் நிற்பது தென்மேல் பருவக்காற்றின் புண்ணியம். அதே காற்று வடக்கு கிழக்குக்குப் போய்ச் சேரும்போது ஈரமில்லாத காற்றாகிவிடும். யாழ்ப்பாணத்தில் அதைச் சோளகம் என்பார்கள், மட்டக்களப்பில் கச்சான் காற்று என்பார்கள். மே மாதத்தில் வன்னி நிலம் வாய் பிளந்து கிடக்கும். அப்போது எள்ளு விதைத்தால் முளைப்பதே சந்தேகம். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

இப்போது புதிதாக வீடியோக்களும் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவின் மினசோட்டாவில் கமெலினா என்ற, கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்தை இலையுதிர் காலத்தில் விதைக்கிறார்கள். பனிக்கடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, கோடைத் தொடக்கத்தில் அது அறுவடைக்கு வரும். அது நிற்கும்போதே வரிசைகளுக்கிடையில் சோயாவையும் போட்டுவிடுகிறார்கள். ராஜஸ்தானில் இது இன்னும் பழைய பழக்கம்: பருவமழையில் கம்பு, அது வெட்டிய நிலத்தில் குளிருக்குக் கடுகு. நல்ல முறைதான். ஆனால் நமக்கு அந்தக் குளிர்காலக் கணக்கு தலைகீழ். நம் வரண்ட வலயத்தில் மழை வருவதே ஐப்பசி முதல் தை வரையில்தான். அதை நெல்லும் சோளமும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய ஈரத்தில் பிழைக்க வேண்டியது எள்ளின் தலைவிதி. மார்கழி வெள்ளத்தில் எள்ளைப் போட்டால், வேரில் தண்ணீர் நின்ற இரண்டு நாளிலேயே வாடிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி எள்ளைப் பற்றியதே அல்ல. பெரும்போகத்தில் என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்பதுதான். பிஜி 352 மூன்றரை மாத நெல். நவம்பர் 1இல் விதைத்தால் பெப்ரவரி நடுவில் வெட்டலாம். வைக்கோலை அகற்றி உழுது, மாசி முடிவதற்குள் எள்ளை இறக்கினால் மூன்று மாதத்தில், காற்று ஈரம் முழுவதையும் உறிஞ்சுவதற்கு முன், காய் கையில். இடையில் சித்திரைச் சிறுமாரியும் கொஞ்சம் கைகொடுக்கும், வயலில் வடிகால் இருந்தால். அதையே நாலு மாத நெல்லாக நவம்பர் கடைசியில் விதைத்தால் வெட்டவே பங்குனி பிந்திவிடும். மெஷின்காரர் வர ஒரு வாரம், உழ ஒரு வாரம். சரி, அந்த வருடம் எள்ளை மறந்துவிடலாம். எள்ளுப் போகம் ஐப்பசியில் நெல் ரகத்தைத் தெரிவுசெய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

நாள்கணக்கு சரியாக இருந்தும் நான் தோற்ற கதை ஒன்று உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு மேட்டுக்காணி. சோளம் வெட்டியிருந்தார்கள், ஈரம் இருந்தது, எள்ளு போடச் சொன்னேன். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. அழகாக முளைத்தது. இரண்டு வாரம் கழித்து இலை ஓரம் மஞ்சளாகி, கருகி, பயிர் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. விதை சரியில்லை என்றார்கள், நோய் என்றார்கள். சோளத்துக்கு அடித்த அட்ரசின் என்ற களைநாசினி மண்ணில் மிஞ்சியிருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

அந்தக் களைநாசினி சோளத்தை ஒன்றும் செய்யாது, சோளம் தன் உடம்புக்குள்ளேயே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். எள்ளுக்கு அந்த வித்தை தெரியாது. முளைப்பதையும் அது தடுக்காது. விதைக்குள் இருக்கும் உணவு முடிந்து, இலை வெயிலில் தன் சமையலைத் தொடங்கும்போதுதான் அடுப்பை அணைக்கும். அதனால்தான் முதல் பத்து நாள் எல்லாரும் சந்தோஷமாக இருப்போம். மண்ணில் அதைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். மழை குறைந்த வருடத்தில் மருந்தின் மிச்சம் அதிகமாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, பல்கனி போதும். காணியில் ஐந்தாறு இடத்தில் மேல்மண்ணை நான்கு விரல் ஆழத்துக்கு எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். மருந்து படாத வேலிக்கரையிலிருந்து இன்னொரு பை. அடியில் துளையிட்ட இரண்டு சட்டி, இரண்டிலும் அதே விதை, அதே தண்ணீர், அதே வெயில். கடையில் விற்கும் பூச்செடி மண்ணைக் கலக்காதீர்கள், பரிசோதனை கெட்டுவிடும். மூன்று வாரம் பொறுங்கள். முளைத்ததைப் பார்த்துத் துள்ள வேண்டாம்.

போன மே மாதம் என்னிடம் ஏச்சு வாங்கிய வெள்ளவத்தை அங்கிள் ஒருவர், ஓய்வுபெற்றவர், இந்த முறை தை முடியவே வந்துவிட்டார். வவுனியாவில் இரண்டு ஏக்கர், சோளம் வெட்டியாயிற்று, ஆறு கிலோ விதையெள்ளும் வாங்கியாயிற்று. என்ன மருந்து அடித்தது என்று கேட்டால் குத்தகைக்காரருக்கு நினைவில்லையாம். மண் எடுத்து வாருங்கள் அங்கிள் என்றேன். அடுத்த ஞாயிறு யாழ்தேவி ரயிலில் இரண்டு ஷொப்பிங் பையோடு வந்து இறங்கினார். பக்கத்தில் இருந்தவர் கோயில் மண்ணா என்று கேட்டாராம்.

பத்தொன்பதாம் நாள் அழைத்தார். "வேலிக்கரைச் சட்டி நல்லா வருது தம்பி. மற்றது மஞ்சள்." குத்தகைக்காரரிடம் திரும்பக் கேட்டபோது, "ஓம் ஐயா, களை மண்டினதாலை ரெண்டாந்தரமும் அடிச்சனான், கொஞ்சம் கூட்டித்தான்" என்று சொன்னாராம். எள்ளு இந்த வருடம் இல்லை என்று முடிவாயிற்று.

அப்புறம் விதையெள்ளை என்ன செய்வது, அன்ரி எள்ளுப்பாகு இடிக்கலாமா என்று கேட்கிறா என்றார். மருந்து பூசிய விதையென்றால் வாயில் வைக்கக் கூடாது, பையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள் என்றேன். கண்ணாடியைத் தேடப் போனார். பின்னால் உரல் சத்தம் கேட்டது. "இஞ்சரும், கொஞ்சம் பொறும்!" என்று அவர் உள்ளே கத்தியதோடு அழைப்பு துண்டித்துவிட்டது.