மூணு சைபர் பெரிசா, ஒத்தச் சைபர் பெரிசா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாமா, மகளுக்குக் கிதார் வாங்க என்னையும் கோவைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் ‘ஓ, டபுள் ஓ, ட்ரிபிள் ஓ, ட்ரெட்நாட்’ என்று அடுக்கவும், மாமா என் காதைக் கடித்தார். “ஏம் மாப்ள, ஓ-ன்னா என்னடா?”

அது எழுத்தல்ல, சைபர். சைபர் கூடக் கூடக் கிதாரின் பெட்டி பெரிசு. நூல் வாங்குகிற மனிதருக்கு இது புதிதில்லை: 20-ஆம் நம்பர் நூலைவிட 40-ஆம் நம்பர் மெல்லிசு. மோட்டார் காயில் கட்டும் கம்பிக்கும் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் ஏறும். 1-க்கும் தடித்த கம்பி 0, அப்புறம் 00, 000. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டில் கிதாருக்கும் இப்படித்தான் நம்பர் வைத்தது. 5 குட்டி, 1 பெரிசு. அதையும் தாண்டிப் பெரிசு கேட்டபோது எண் தீர்ந்துபோய், சைபர்களை அடுக்கினார்கள். மூன்று சைபர் வந்தது 1902-ல்.

1916-ல் டிட்சன் என்ற இசைக் கம்பெனிக்காக இன்னும் பெரிய பெட்டி செய்தார்கள். சைபர் சலித்துவிட்டதோ என்னவோ, 1906-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ட்ரெட்நாட் என்றால் எதற்கும் அஞ்சாதது. மார்ட்டின் பெயரிலேயே அது விற்பனைக்கு வந்தது 1931-ல்தான்.

அகலத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். கீழ்ப்பகுதியில் ட்ரிபிள் ஓ 15 அங்குலம், ட்ரெட்நாட் 15.6, விரலகலம்தான் வித்தியாசம். ஆனால் ட்ரெட்நாட்டின் இடுப்பு நல்ல பருமன், ஆழமும் முக்கால் அங்குலம் கூடுதல். உள்ளே காற்று அதிகம். அங்கேதான் சங்கதி.

பொள்ளாச்சி இளநீரைக் குடித்து முடித்ததும் ஓட்டையின் மேல் ஊதிப் பாருங்கள், கும்மென்று ஒலிக்கும். பாதி தண்ணீர் இருக்கும்போதே ஊதினால் குரல் ஏறும். அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். துளையில் இருக்கும் காற்று அதன்மேல் ஆடும் எடை. உள்ளே காற்று கூடினால் ஸ்பிரிங் தளர்ந்து, ஆட்டம் மெதுவாகும். ட்ரெட்நாட்டில் இந்த ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 100 தடவை. தடித்த ஆறாவது கம்பி அதிர்வது 82 தடவை. பக்கத்திலேயே இருப்பதால் கீழ்ச்சுருதிகளைப் பெட்டி தூக்கிக் கொடுக்கிறது.

சின்னப் பெட்டியில் அந்தக் கனம் குறையும். ஆனால் மேல்பலகை சிறியது, விரலால் மெல்லத் தொட்டாலே எழுந்துகொள்ளும். ஜம்போ என்கிற இன்னும் பெரிய வகை 17 அங்குலம் வரை போகும். பாப்பாவுக்கு அது அண்டா மாதிரி, விட்டுவிட்டோம்.

பாப்பா டபுள் ஓவை மடியில் வைத்துப் பார்த்து, அதுவே போதும் என்றாள். நான் சொன்னதை மாமா நம்பவில்லை. ட்ரெட்நாட்டின் துளையருகே குனிந்து “ம்ம்ம்” என்று குரலை ஏற்றி இறக்கினார். ஓரிடத்தில் பெட்டியும் கூடவே உறுமியது. அப்புறம் டபுள் ஓவுக்கும் குனிந்தார். அது உறும, குரலை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் பில் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.