உங்கள் கணினியில் திறக்கும் லிங்க் மேடையில் திறக்குமா?

ஒரு மருத்துவரின் கருத்தரங்க உரைக்கு ஸ்லைடுகளைச் சீர்படுத்திக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. அறுவை சிகிச்சை வீடியோ ஒன்றுக்கு அவரே லிங்க் போட்டு வைத்திருந்தார். எழுத்துரு, நிறம், படங்கள் எல்லாவற்றையும் பார்த்த நான், அந்த லிங்க்கை மட்டும் சொடுக்கிப் பார்க்கவில்லை. அவர் போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மேடையில் அவர் அதைச் சொடுக்கியதும் 'குறிப்பிட்ட கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. மூன்று முறை சொடுக்கினார், மூன்று முறையும் அதே பெட்டி. உரையின் உயிரே அந்த வீடியோதான். வாயால் விளக்கிவிட்டு இறங்கினார்.

அன்று மாலை அந்த லிங்க்கைத் திறந்து முகவரியைப் பார்த்தேன். டி டிரைவில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் வீடியோ என்று இருந்தது. அப்படி ஓர் இடம் அவர் வீட்டுக் கணினியில் மட்டும்தான் உண்டு. இத்தனைக்கும் வீடியோ அதே பென் டிரைவில், பிரசன்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பலருக்கும் புரியாமல் இருப்பது இதுதான். லிங்க் போட்டால் அந்த ஃபைல் பிரசன்டேஷனுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. அது இருக்கும் விலாசம் மட்டுமே பதிவாகிறது. அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஒரு ஃபோல்டர் திறந்து, லிங்க் செய்யப்போகும் வீடியோ, எக்செல், பி.டி.எஃப் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பிரசன்டேஷனையும் அதிலேயே சேமியுங்கள். அப்புறம்தான் கன்ட்ரோல் கே அழுத்தி லிங்க் போட வேண்டும். இப்படிச் செய்தால், லிங்க் செய்த ஃபைலின் பெயரை மட்டும் பவர்பாயிண்ட் குறித்துக்கொள்ளும். ஃபோல்டரை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் லிங்க் வேலை செய்யும். ஃபோல்டரை ஜிப் செய்து அனுப்பினால், வாங்குபவர் முழுவதையும் பிரித்த பிறகே திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஜிப்புக்குள் இருந்தபடியே பிரசன்டேஷனை மட்டும் திறந்தால் பக்கத்து ஃபைல்கள் அதற்கு அகப்படாது.

இணைய லிங்க்கிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். உங்கள் கூகுள் டிரைவில் உள்ள ஃபைல் உங்களுக்குத் திறக்கிறது, ஏனென்றால் நீங்கள் உள்நுழைந்திருக்கிறீர்கள். அரங்கத்துக் கணினியில் அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். பிரவுசரில், உங்கள் கணக்கு உள்நுழையாமல் திறக்கும் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அதில் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதுதான் மற்றவர்களுக்கும் தெரியும். பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 2023-க்குள் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மாறக்கூடிய பக்கம் என்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைடிலேயே வைத்துவிடுவேன். லிங்க் அதற்குத் துணைதான்.

பிரசன்டேஷனுக்குள்ளேயே ஒரு ஸ்லைடிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எனக்கு ரொம்பப் பிடித்த உத்தி. யாராவது கேட்டால் மட்டும் காட்ட வேண்டிய அட்டவணையை ஹைடு செய்து கடைசியில் வைக்கலாம். லிங்க் வழியாக மறைந்த ஸ்லைடும் திறக்கும். ஆனால் போகும் வழியை யோசிப்பவர்கள் திரும்பும் வழியை யோசிப்பதில்லை. ஏழாவது ஸ்லைடிலிருந்து முப்பதுக்குத் தாவி, மறுபடி ஒரு கிளிக் செய்தால் எட்டு வராது. முப்பதை அடுத்து இருப்பதுதான் வரும். பேச்சாளர் தவித்துப் போவார். ஷேப்ஸில் உள்ள ஆக்‌ஷன் பட்டனில், கடைசியாகப் பார்த்த ஸ்லைடுக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. ஒரு தாவலுக்கு அது போதும். முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்கும் போய்விட்டால், அந்தப் பட்டன் உங்களை முப்பதில்தான் விடும். அதனால் உள்ளடக்கம் மாதிரி ஒரு ஸ்லைடை வைத்து, எல்லாத் துணை ஸ்லைடுகளிலிருந்தும் அதற்கு நேரடி லிங்க் கொடுப்பதே என் வழக்கம். அப்படியும் வழி தவறினால், ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள், அந்த ஸ்லைடு வந்துவிடும்.

லிங்க்கை எழுத்தில் போடுவதா, கட்டம், வட்டம் போன்ற வடிவத்தில் போடுவதா? எழுத்தில் போட்டால் அடிக்கோடும் தீமின் லிங்க் நிறமும் தானாக வரும். கருநீலப் பின்னணியில் நீல எழுத்து வந்து உட்கார்ந்தால் யாராலும் படிக்க முடியாது. மேடைக்கு வடிவமே நல்லது, சொடுக்கும் இடமும் பெரிதாகக் கிடைக்கும். ஃபைலைப் பிறருக்கு அனுப்புவதாக இருந்தால் எழுத்தில் போடுங்கள், லிங்க் என்று பார்த்தவுடன் தெரியும். எந்த எழுத்தில் போடுகிறோம் என்பதும் முக்கியம். பார்வையற்றவர்கள், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் லிங்க்குகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. பத்து லிங்க்கும் 'இங்கே சொடுக்கவும்' என்றே ஒலித்தால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? 'மருந்து அளவு அட்டவணை' என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பி.டி.எஃப் ஆக்குபவர்களுக்கு ஒன்று. சேவ் ஆஸ் வழியாக மாற்றினால் லிங்க் உயிரோடு இருக்கும். பிரின்ட் கொடுத்து பி.டி.எஃப் ஆக்கினால் வெறும் எழுத்துதான் மிஞ்சும்.

உங்களுக்கு வரும் பிரசன்டேஷன்களிலும் எச்சரிக்கை தேவை. மேலே தெரியும் எழுத்தும் உள்ளே இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சொடுக்காமல், மவுஸை மேலே நிறுத்தினாலே இயங்கும்படியும் லிங்க் போடலாம். 2017-இல் இந்த வசதியை வைத்தே தீய மென்பொருளை இறக்கப் பார்த்தார்கள். பவர்பாயிண்ட் எச்சரிக்கைப் பெட்டி காட்டியது. அதையும் மீறி அனுமதித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தெரியாதவர் அனுப்பியதை, படிக்க மட்டும் விடும் புரொடெக்டட் வியூவிலேயே வைத்துப் படியுங்கள். எச்சரிக்கை வந்தால் அனுமதிக்காதீர்கள்.

அதே மருத்துவர் அடுத்த உரைக்கு முந்தைய நாளே வந்தார். பென் டிரைவை என் கணினியில் செருகி, ஸ்லைடு ஷோவில் டேப் விசையால் ஒவ்வொரு லிங்க்காக நகர்ந்து என்டர் அழுத்திக்கொண்டே போனோம். பதினொன்றில் பத்து திறந்தன. திறக்காதது அவருடைய மருத்துவமனையின் உள் வலையமைப்பில் மட்டும் தெரியும் பக்கம். அங்கிருந்த சக ஊழியரிடம் போனில் சொல்லி ஸ்கிரீன்ஷாட் வாங்கி, அந்த ஸ்லைடில் ஒட்டினோம்.