கறிவேப்பிலைக்கு மருந்து அடிக்க வேண்டிய நாளைக் கொழுந்து சொல்லும்

வாழைப்பழத்தில் மருந்து பட்டால் தோலோடு போய்விடும். கறிவேப்பிலையில் அப்படித் தப்ப வழியில்லை. மருந்து விழுவதும் இலைமேல்தான், மூட்டை கட்டிச் சந்தைக்குப் போவதும் அதே இலைதான். டைமெத்தோயேட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் இலைக்குள்ளேயே இறங்கிவிடுவதால், மஞ்சள் தண்ணீரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்தாலும் முழுதாக நீங்காது. ஆகவே சமையலறையில் கழுவித் தீர்க்கிற காரியம் இல்லை இது. தோட்டத்தில்தான் தீர்க்க வேண்டும்.

இவ்வளவு மருந்து எதற்காக அடிக்கிறார்கள்? பெரும்பாலும் சில்லிட் என்ற ஒரு சாறு உறிஞ்சும் பூச்சிக்காக. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை, ஆரஞ்சைத் தாக்கும் அதே சில்லிட்தான் இதற்கும் வருகிறது. வளர்ந்த பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருப்பதை வைத்து அடையாளம் காணலாம். விரியாத கொழுந்தில்தான் முட்டையிடும். முற்றிய இலையில் இடாது. வெயில் காலத்தில் முட்டை முதல் பூச்சி வரை ஏறத்தாழ 15 முதல் 20 நாளில் முடிந்துவிடும். குஞ்சுகள் சாறு உறிஞ்சுவதால் கொழுந்து சுருளும். அவை விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படியும். அந்த இலையை யாரும் வாங்க மாட்டார்கள்.

சிக்கல் அறுப்பில்தான் தொடங்குகிறது. ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் வெட்டினால் ஒரே வாரத்தில் தோட்டம் முழுவதும் துளிர்க்கும். சில்லிட்டுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? பாத்தி பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கொன்றாக வெட்டினால் தெளிக்க வேண்டிய இடமும் சுருங்கும், சில்லிட்டைத் தின்னும் பொறிவண்டுகளுக்கும் தங்க இடம் கிடைக்கும்.

வெட்டிய பின் கொழுந்து தலைகாட்டும் வாரத்தில் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் அடித்தால் இளங்கொழுந்து கருகும். பத்து நாளில் இன்னொரு முறை. இலை விரிந்து முற்றிய பிறகு அடிப்பது பெரும்பாலும் வீண். அறுப்புக்கு நாலு நாள் முன்னால் ‘பளபளப்புக்காக’ அடிக்கிறார்களே, அந்தத் தெளிப்புதான் நம் தட்டுக்கு வருகிறது. இரசாயன மருந்து தவிர்க்க முடியாதபோது, லேபிளில் கறிவேப்பிலையின் பெயரும் அறுப்புக்கு முன் காத்திருக்க வேண்டிய நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கந்தகத்தை மட்டும் இந்தச் செடிக்கு அடிக்கவே கூடாது.

இலையைக் கடிக்கும் புழு வேறு. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், வளர்ந்ததும் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாற்றமடிக்கும் கொம்பை நீட்டும். கையால் பொறுக்கிப் போடலாம்.

புதிதாக நடுகிறவர்கள் செங்காம்பு இரகத்தைத் தேடுங்கள், மணம் கூடுதல். விதையென்றால் பழச்சதையை நீக்கி மூன்று நாலு நாளுக்குள் விதையுங்கள். காய்ந்த விதை முளைக்காது. ஒரு வயதுக் கன்றை ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டு, ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டி ஐந்தாறு கிளைகள் விடச் செய்ய வேண்டும். செடிக்கு ஆண்டுக்கு 20 கிலோ தொழுவுரம். ஐந்தாம் ஆண்டிலிருந்து இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெக்டேருக்கு 3,500 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

வீட்டுத் தொட்டியில் செடி குச்சியாக நெட்டுவதற்குக் காரணம், இலை இலையாக உருவுவது. இணுக்காக, கிளையோடு நறுக்குங்கள், கீழேயிருந்து துளிர்க்கும். பூவைக் கிள்ளிவிடுங்கள். நரம்பு பச்சையாகவும் இளம் இலை மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து தெளிக்கலாம். புளித்த மோரைத் தண்ணீராக விளாவி ஊற்றுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அது தொழுவுரத்துக்கு ஈடாகாது.

சில்லிட் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் மரத்தையே நலியச் செய்யும் பசுமை நோயைப் (கிரீனிங்) பரப்பும். அதனால் அந்தத் தோப்புகளின் ஓரத்தில் கறிவேப்பிலை வைக்காதீர்கள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் பச்சை இணுக்கு வைத்து அனுப்பினால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வதும் இந்தப் பூச்சிக்குப் பயந்துதான்.