அறை 24 டிகிரி, பீர் எத்தனை டிகிரி?

சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள், நான் வேலை பார்க்கும் சிறிய பீர் ஆலைக்குப் போத்தல்களைக் கொண்டுவந்து, "குடித்துப் பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்பார்கள். பல போத்தல்களில் ஒரே குறைதான். திறந்ததும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. விழுங்கினால் தொண்டையில் சுருக்கென்ற காரம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சரியில்லையா, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) பழசா என்று அவர்கள் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: முதல் மூன்று நாள், பீர் நொதிக்கும் டப்பா எங்கே இருந்தது? "சமையலறை மூலையில்" என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு பிறக்கிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கையில் டப்பாவுக்குள்ளே அறையைவிட 3 முதல் 6 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை 30 டிகிரி என்றால் பீர் 35ஐத் தொடலாம். ஏர்கானை 24இல் வைத்து நிம்மதியாகத் தூங்குபவரின் பீரும் 28ஐ ஒட்டியே இருக்கும். ஏல் வகை பீருக்கான வழக்கமான ஈஸ்டுக்குப் பிடித்தது 18 முதல் 22. குளிரில் நொதிக்கும் லாகர் வகையின் ஈஸ்டுக்கு 9 முதல் 13 வரைதான்.

சூடு ஏறினால் ஈஸ்ட் தாறுமாறாகப் பெருகும். அந்த அவசரத்தில்தான் தொண்டையில் காரும் ஃபியூசல் ஆல்கஹால்களும் வாசம் தரும் எஸ்டர்களும் அளவுக்கு மீறி உருவாகின்றன. பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாட்களில் வந்துவிடும். நாலாம் நாள் விழித்துக்கொண்டு டப்பாவை ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் வந்த நெடி திரும்பிப் போகாது. ஜெர்மன் கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசமும் ஓர் எஸ்டர்தான். அங்கே அது வேண்டும், அதுவும் அளவோடு. பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாதென்றே சட்டம் போட்டார்கள். கோடையில் காய்ச்சியது கெட்டுப்போனதே காரணம். 1870களில் ஜெர்மன் பொறியாளர் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்தபோது முதலில் ஆதரித்தவர்களில் மியூனிக் பீர் ஆலைக்காரர்களும் உண்டு.

நம் ஊரில் முதல் சிக்கல் குழாய்த் தண்ணீரே. அதுவே 28, 29 டிகிரி இருக்கும்போது, சாற்றுக்குள் இறக்கிய செம்புச் சுருள் குழாயில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கொதித்த மால்ட் சாறு 30க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் ஈஸ்டைத் தூவாதீர்கள். கிருமிநீக்கம் செய்த டப்பாவில் ஊற்றி இறுக மூடி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, 18க்கு வந்தபின் தூவுங்கள்.

இணையத்தில் ஈரத்துணி சுற்றி மின்விசிறியை வைக்கச் சொல்வார்கள். காற்று வறண்ட ஊர்களுக்கு அது சரி. இங்கே இருக்கும் ஈரப்பதத்தில் பெரிதாகக் குளிராது. அதைவிட, பெரிய தொட்டியில் பீர் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி டப்பாவை இறக்குங்கள். உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் இரவும் மாற்றிப் போடுங்கள். முதல் மூன்று நாள் இதைச் செய்தாலே பாதிக் குறை தீரும்.

தொடர்ந்து காய்ச்சுபவர் என்றால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் இங்க்பேர்ட் மாதிரி ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் வாங்கிவிடுங்கள். விலையுயர்ந்த ஹாப்ஸெல்லாம் அப்புறம். உணரியை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். திரையில் 18 தெரியும். அது காற்றின் கணக்கு, பீர் 22இல் இருக்கும். பீர் மட்டத்துக்குக் கீழே டப்பாவின் பக்கவாட்டில் உணரியை ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து டேப் சுற்றுங்கள். கட்டுப்படுத்தியில் கம்ப்ரஸர் தாமதத்தை (அது நின்று மறுபடி ஓடுவதற்கு இடைப்பட்ட நேரம்) குறைந்தது 3 நிமிடமாக வையுங்கள், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் சீக்கிரம் படுத்துவிடும்.

இதெல்லாம் முடியாதவர்களுக்கு நார்வே பண்ணை வீடுகளின் க்வைக் ஈஸ்ட் இருக்கிறது. 30க்கு மேலும் நல்ல பீர் தரும். ஆனால் அதை வைத்து லாகர் சுவையை எதிர்பார்க்காதீர்கள்.

2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளைப் படித்துவிட்டு, சூடு கூடினால் பீரில் மெத்தனால் வருமா என்று சிலர் பயந்து கேட்கிறார்கள். வராது. அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுத் தேவைக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் காய்ச்சலாம். விற்கவோ வாலைவடிக்கவோ கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதியே இல்லை.

உண்மையான ஆபத்து போத்தலில் இருக்கிறது. கடைசி நாட்களில் பீர் அதிகம் குளிர்ந்தால் ஈஸ்ட் பாதியில் உறங்கி அடியில் படியும். டப்பா மூடியில் வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றதும் முடிந்ததென்று போத்தலில் அடைத்துவிடுவார்கள். 1.010 வரை இறங்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.020இல் நின்றிருந்தால், லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை மிச்சம். நுரைக்காகப் போத்தலில் அடைக்கும்போது நாம் லிட்டருக்குப் போடும் 6 கிராம் சர்க்கரையைப்போல் மூன்று மடங்கு. அந்தப் போத்தல் 30 டிகிரி அலமாரிக்குப் போனதும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், கண்ணாடி வெடிக்கும். அதனால் வேகம் தணிந்ததும் ஏலை 20, 21க்கு ஏற்றி ஈஸ்டை வேலையை முடிக்க விடுங்கள். நொதித்தலில் சிலநேரம் வரும் வெண்ணெய் வாடையும் அப்போதே போகும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவு காட்டினால் மட்டும் அடையுங்கள். ஏற்கெனவே அடைத்ததில் சந்தேகமா? தடித்த கையுறையும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொண்டு போத்தல்களை ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின், மேலே துண்டைப் போட்டு, ஒவ்வொரு மூடியாகத் தளர்த்துங்கள்.